எண்ணிக்கை ஆசிரியரைக் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: ‘சிவப்பு மாடத்துக் கனவு’ என்ற சீன நாவலின் கடைசி 40 அத்தியாயங்களை வேறொருவர் எழுதியதாகக் கணினி கண்டுபிடித்துவிட்டதாமே? சொற்களை எண்ணியே ஆளைச் சொல்லிவிட முடியுமா?

பதில்: கணினி இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறது. 1980-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இந்த நாவலைப் பற்றி நடந்த மாநாட்டில் சென் பிங்சாவ் என்ற ஆய்வாளர் கணினிக் கணக்கோடு வந்து, 120 அத்தியாயங்களும் ஒரே கைதான் என்றார். 1987-ல் சென் தாகாங் என்ற இன்னொரு ஆய்வாளர் எண்ணிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். நாவல் அதேதான், எதை எண்ணினார்கள் என்பதுதான் வேறு.

கதாபாத்திரப் பெயர்களையும் அரிய சொற்களையும் எண்ணிப் பயனில்லை, அவற்றை யாரும் பார்த்து எழுதிவிடலாம். நம் ‘தான்’, ‘கூட’ மாதிரி கவனிக்காமலே கைக்கு வரும் சின்னச் சொற்கள்தான் ஆளைக் காட்டும். சீனத்தில் பேச்சுநடைக்கு ‘ல’, பழைய ஏட்டுநடைக்கு ‘ஜி’ என்று எழுத்துகள் உண்டு. சீனம் படிக்கத் தொடங்கிய காலத்தில் 78-ஆம் அத்தியாயத்தில் பென்சிலால் ‘ஜி’களை வட்டமிட்டேன். பின்பாதியில் தாளே கறுத்துவிட்டது. வேறு ஆசிரியரைப் பிடித்துவிட்டேன் என்று பூரித்துப்போனேன். பிறகுதான் உறைத்தது: இறந்துபோன பணிப்பெண் சிங்வென்னுக்காகக் கதாநாயகன் பாவ்யூ ஏட்டுநடையில் எழுதும் நீண்ட இரங்கற்பா அங்கே இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பார்த்தால் நடை பழையபடிதான். அன்றிலிருந்து, பாட்டையும் கடிதத்தையும் பிரித்தெடுக்காத எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாவலின் ஆசிரியர் சாவ் ஷுவேச்சின் இறந்தபின் 80 அத்தியாயங்கள்தான் கைப்பிரதிகளாகப் பரவலாகச் சுற்றின. 1791-ல் முழு நாவலையும் அச்சிட்ட செங் வெய்யுவான், சிதறிக் கிடந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்ததாகவும், அவற்றில் சிலவற்றைப் பறையடித்து வரும் பழைய சாமான்காரரிடம் வாங்கியதாகவும், நண்பர் காவ் எயுடன் சேர்ந்து செப்பனிட்டதாகவும் முன்னுரையில் சொல்கிறார். அது உண்மையென்றால் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கை இருக்கும்.

பின்பகுதி காவ் எயின் கற்பனை என்று 1921-ல் சீன அறிஞர் ஹூ ஷி அடித்துச் சொன்னார். அதைச் சோதிக்க, காவ் எ பேச்சுநடையில் எழுதிய இன்னொரு கதை வேண்டும். நம்மிடம் இருப்பதோ அவருடைய கவிதைகளும் தேர்வுக் கட்டுரைகளும்தான். அவற்றைக் கதையோடு ஒப்பிட்டால் 78-ஆம் அத்தியாயத்தில் நான் விழுந்த குழியில்தான் விழ வேண்டும். ‘நடை மாறுகிறது’ என்று எண்ணிக்கை சொன்னால் ஏற்றுக்கொள்வேன். ‘எழுதியவர் காவ் எ’ என்று சொல்ல அதற்கு ஆதாரம் இல்லை. 2008-ல் வந்த பெய்ஜிங் மக்கள் இலக்கியப் பதிப்பகத்தின் திருத்திய பதிப்பு பின்பகுதியைப் ‘பெயர் தெரியாதவர்’ எழுதியது என்று போட்டு, காவ் எயைச் செப்பனிட்டவராக மட்டும் வைத்தது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.