யூதர்கள் கோழி சூப்பில் போடும் மாட்சோ உருண்டை கல் மாதிரி ஆகிறது, ஏன்? மாட்சோ பொடி கிடைக்காவிட்டால் மைதா போடலாமா?

மைதா வேண்டாம். வெந்ததும் கொழகொழவென்று பசையாகிவிடும், புளித்த மாவைத் தவிர்க்கும் யூதப் பண்டிகையான பஸ்காவுக்கும் ஆகாது.

தமிழ் வேதாகமத்தில் வரும் ‘புளிப்பில்லாத அப்பம்’தான் மாட்சோ. மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் அதைச் சுட்டு எடுத்துவிட வேண்டும், தாண்டினால் புளித்த மாவு என்று கணக்கு. அந்த அப்பத்தைப் பொடித்ததே மாட்சோ பொடி. அதனால் பொடி கிடைக்காவிட்டாலும் அப்பம் கிடைத்தால் போதும்: மிக்சியில் போட்டு ரவையைவிடக் கொஞ்சம் நைசாகத் திரித்துக்கொள்ளுங்கள்.

இது ஏற்கெனவே சுட்ட மாவு. ஈரத்தை உடனே இழுக்காது, ஊற ஊறத்தான் இழுக்கும். உருண்டை கல்லாவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

1 கப் பொடிக்கு 4 முட்டை, கால் கப் கோழிக்கொழுப்பு (அல்லது எண்ணெய்), கால் கப் கோழி சூப், 1 டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள். வெண்ணெய் சேர்க்காதீர்கள், உருண்டை போகப்போவது கோழி சூப்பில், யூத முறைப்படி இறைச்சியும் பாலும் சேரக்கூடாது.

கலந்தவுடன் தோசை மாவு மாதிரி தளர்வாகத்தான் இருக்கும். பயந்துபோய் இன்னும் இரண்டு கரண்டி பொடி போடுவார்கள் பாருங்கள், கல் அங்கேதான் பிறக்கிறது. அப்படியே மூடி 1 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும். கையை நனைத்துக்கொண்டு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். அழுத்த வேண்டாம், உருண்டு நின்றால் போதும். வெந்ததும் ஏறக்குறைய இரண்டு மடங்காக உப்பும், அதனால் அகலமான பாத்திரம் வேண்டும்.

உப்புத் தண்ணீர் கொதித்ததும் போட்டு, தீயைக் குறைத்து, மூடி 35–40 நிமிடம். தளதளவென்று கொதித்தால் உடைந்து கரையும். 15 நிமிடத்திலேயே மேலே மிதக்கும், வெந்துவிட்டது என்று ஏமாறாதீர்கள். ஒன்றை நறுக்கிப் பாருங்கள்: நடுவில் அடர் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. நேராக சூப்பிலேயே வேகவைத்தால் ருசி ஏறும்தான், ஆனால் பாதி சூப்பை உருண்டைகளே குடித்துவிடும், மீதியும் கலங்கிப்போகும்.

பேக்கிங் பவுடர்? மேலே சொன்ன அளவுக்குத் தேவையே இல்லை. பஸ்காவுக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் அதற்கென்று முத்திரையிட்டதாகப் பாருங்கள்; சாதாரண டப்பாவில் பெரும்பாலும் சோள மாவு இருக்கும், அஷ்கெனாசி யூதர்கள் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்தவர்கள்) பஸ்காவில் அதைத் தொடமாட்டார்கள்.

விருந்தாளிக்குச் செய்கிறீர்கள் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஹசிடிக் (மிகவும் ஆசாரமான ஒரு யூதப் பிரிவு) குடும்பங்கள் பலவற்றில் பஸ்காவின்போது மாட்சோவை நனைத்தே சாப்பிடமாட்டார்கள், அதனால் இந்த உருண்டையும் ஆகாது; இஸ்ரேலுக்கு வெளியே கொண்டாடப்படும் பஸ்காவின் 8-ஆம் நாள் மட்டும் விலக்கு.

மிச்சமானால் சூப்பில் ஊறவிடாமல் தனியே எடுத்து வையுங்கள். மறுநாள் சூப்பைச் சூடாக்கும்போது கடைசி 10 நிமிடம் போட்டால் போதும்.