வெளிச்சம் விழும் அறையும் தரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல ஆண்டுகளாகப் பூட்டிக்கிடக்கும் ஒரு மருத்துவமனையைப் படமெடுக்க உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். இரண்டு மாடி, மரத்தளம். முன்பு ஒரு பழைய ஆலையில் எடுத்த படங்களில் ஜன்னல் வெளிறிப்போனது, அறை இருண்டுபோனது. இதை எப்படிச் சரிசெய்வது? சுவரோரமாக நடந்தால் தரை தாங்கும் என்கிறார்களே, உண்மையா? துணி முகக்கவசம் போதுமா?

கே.

அன்புள்ள கே,

சுவரோரம் என்பது பாதி உண்மைதான். பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களின் முனைகள் பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும். வெளிச்சுவர் ஈரம் குடித்தால் முதலில் இற்றுப்போவது அந்த முனைகள்தான். மேலே பலகை கெடாததுபோலவே தெரியும். அதனால் மாடி ஏறுமுன் கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். பழுப்பு வளையம், தொய்வு, காரை உதிர்ந்த இடம் இவையெல்லாம் மேலே எங்கே கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிடும். காய்ந்த பகுதியில் ஆணித்தலைகள் வரிசையாக ஓடும் கோட்டின்மேல் நடங்கள். அடியில் சட்டம் போவது அங்கேதான்.

தொல்லை என்னவென்றால், நம்மை ஆசைகாட்டி இழுப்பதும் ஈரம் குடித்த அறைதான். கூரை பிளந்து ஒளி இறங்கும், தரையில் பாசி பச்சையாகப் படர்ந்திருக்கும். ஒளி வந்த வழியாகத்தான் இத்தனை வருட மழையும் வந்தது. அந்த அறையை வாசற்படியில் கேமரா முக்காலியை (டிரைபாட்) ஊன்றி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கான்கிரீட் என்றாலும் நம்பிவிட முடியாது. உள்ளே கம்பி துருவேறினால் பருத்து, மேல்பூச்சைப் பிளந்து தள்ளும். ஜப்பானின் ஹஷிமா தீவில் 1916-ல் எழுந்த அடுக்குமாடிக் கட்டடம், 1974-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கடற்காற்றில் இப்படித்தான் உதிர்ந்துகொண்டிருக்கிறது.

இனி ஜன்னல். ஒரே சொடுக்கில் ஜன்னலையும் அறையையும் பிடிக்க முடியாது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 8, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) என்று வையுங்கள். நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். துளையை மாற்றாமல் ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தை நான்கு மடங்காக்கி, ஐந்து படங்கள் எடுங்கள். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று அதில் இருந்தாக வேண்டும். பிறகு அடுக்குகளாக வைத்து ஜன்னலை மட்டும் கையால் கலந்துகொள்ளுங்கள். தானாக இணைக்கும் எச்டிஆர் மென்பொருள் நிழலையெல்லாம் சாம்பலாக்கி, பாழடைந்த கூடத்தைப் பொம்மை வீடாக்கிவிடும்.

முக்காலியில் வைத்தபின் அதிர்வுத்தடுப்பை அணைத்துவிடுங்கள், 2 நொடி டைமர் வையுங்கள். மரத்தளத்தில் நீங்கள் ஒரு காலடி எடுத்து வைத்தாலே படம் கலங்கிவிடும். ஷட்டர் மூடும்வரை அசையாதீர்கள். இருட்டில் ஆட்டோஃபோக்கஸ் தடுமாறும். டார்ச்சைக் கதவுச் சட்டத்தில் அடித்து ஃபோக்கஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உள்ளே சரியும், மட்டம் பார்த்து வையுங்கள்.

துணிக்கவசம் போதாது. பழைய குழாய் உறைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். புறா எச்சத்தூளில் நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் இருக்கலாம். நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 தர முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும், கவசம் அணிந்தும் பயனில்லை.

மருத்துவமனை என்பதால் இன்னொன்று. கருவி எதையும் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். 1987-ல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட கதிரியக்கச் சிகிச்சைக்கூடத்தில் விட்டுப்போன, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய கருவியைப் பழைய இரும்பென்று எடுத்துப்போய்ப் பிரித்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அலமாரியில் நோயாளிகளின் கோப்புகள் கிடந்தால், பெயர் படத்தில் விழாத கோணத்தில் எடுங்கள்.

நிலவறைப் பக்கம் போக வேண்டாம். நீர் தேங்கிய மூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், மூக்குக்கு அது தெரியாது. டார்ச் இரண்டாகக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழையுங்கள்.