குட்டியோட ரெண்டு குளம்பும் ரெண்டு தினுசா இருக்கே?

கேள்வி: அந்தியூர் குதிரை சந்தையில தாயோட சேர்த்து வாங்கின பெண் குட்டிக்கு இப்ப ஏழு மாசம். வலது முன்னங்கால் குளம்பு ஒடுங்கி செங்குத்தா நிக்குது, இடது அகலமா பரந்து கிடக்கு. லாடம் அடிக்கிறவர் ஒரே நாள்ல ரெண்டையும் சமமா சீவிடலாம்ங்கறார். விடலாமா?

பதில்: விடாதீங்க. முதல்ல குட்டி மேயும்போது கிட்ட நின்னு பாருங்க. குட்டிக்கு கால் நீளம், கழுத்து குட்டை, தரையில இருக்கற புல் எட்டாது, அதனால ஒரு முன்னங்கால முன்னாடி நீட்டி இன்னொன்ன பின்னாடி வச்சுதான் குனியும். நிறைய குட்டிங்க காலை மாத்தி மாத்தி வைக்கும், சிலது எப்பவும் ஒரே காலைத்தான் நீட்டும். நெதர்லாந்துல வார்ம்பிளட்ங்கற சவாரிக் குதிரை வகைக் குட்டிங்கள வச்சு பண்ணி 2006ல வெளியான ஒரு ஆய்வுல கிட்டத்தட்ட பாதி குட்டிங்களுக்கு இந்த ஒருபக்கப் பழக்கம் இருந்துச்சு, அதுவும் தலை சின்னதா கால் நீளமா இருந்த குட்டிங்களுக்குத்தான். நீட்டுற காலுக்கு பாரம் குதிகால்ல விழுந்து அது தட்டையாகும், பின்னாடி வைக்கிற காலுக்கு நுனியில பாரம் விழுந்து குதிகால் தேயாம உசந்துடும். உங்க குட்டி இடது காலையே நீட்டுதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். புல்லை தரையில போடாம நெஞ்சு உயரத்துல கட்டிப் போடுங்க.

ஆனா வேற காரணமும் இருக்கலாம். குளம்போட முன்பக்கம் குழிஞ்சு, மேல ரோம ஓரம் புடைச்சு நின்னா, காலுக்குப் பின்னாடி ஓடுற நரம்பு (டாக்டருங்க தசைநாண்ம்பாங்க) இழுத்துப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அந்தக் காலோட முட்டியிலயோ தோள்லயோ வலி இருந்து ஊன்றாம விட்டாலும் குளம்பு இப்படி ஒடுங்கும். அந்த நிலைமையில குதிகால ஒரேயடியா சீவிட்டா அது தரையைத் தொடாம தொங்கும், நரம்பு இன்னும் இழுக்கும், குட்டிக்கு உயிர் போற வலி. அதனாலதான் ஒரே நாள்ல சமம் பண்ற பேச்சே வேண்டாம்ங்கறேன்! நாலு வாரத்துக்கு ஒருதரம் அரம் போட்டா போதும், செங்குத்தான காலுக்கு குதிகால்ல கொஞ்சூண்டு, தட்டையான காலுக்கு நுனியில மட்டும், அதோட குதிகால்ல கை வைக்கவே கூடாது. சீவினப்புறம் குதிகால் தரையில உக்காரலன்னா அன்னிக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுங்க, ஆபரேஷன் தேவைப்பட்டாலும் ஒரு வயசுக்குள்ள பண்ணினாதான் நல்ல பலன் கிடைக்கும், தள்ளிப் போடாதீங்க.

தீவனத்தையும் பாருங்க. குட்டி சீக்கிரம் வளரணும்னு கொள்ளும் கோதுமைத் தவிடும் அள்ளி வைக்கிறவங்க நிறைய பேர், ஆனா தவிட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி கால்சியம் கம்மி, எலும்புக்கு ஆகாது. குறைச்சுட்டு புல்லை ஏத்துங்க.

கேள்வி: லாடம் எப்ப அடிக்கலாம்?

பதில்: வேலைக்கு பழக்குற வரைக்கும் வேண்டாம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குளம்போட பின்பாகம் விரிஞ்சு சுருங்கணும், ஆணி அடிச்சா அது தடைபடும். முன்குளம்பு வட்டமாவும் பின்குளம்பு கொஞ்சம் கூர்மையாவும் இருக்கறது இயற்கை, அதைப் பார்த்து பயப்படாதீங்க.