சுவிட்சை அணைத்தும் பெட்ரோல் பம்ப் நிற்கவில்லை; காயிலை மாற்ற வேண்டுமா?

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பெட்ரோல் பம்ப், சுவிட்சை அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது, பிளக் கேப்பைப் பிடுங்கித்தான் நிறுத்துகிறேன், பிளக்கிற்குப் பொறி தரும் காயில் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். காயில் நன்றாகவே இருக்கிறது. எஞ்சின் ஓடுவதே அதற்குச் சாட்சி. பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஆனால் கேப்பைப் பிடுங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பேட்டரி உள்ள காரில் சாவியைத் திருப்பி அணைத்தால் காயிலுக்குப் போகும் 12 வோல்ட் துண்டிக்கப்படுகிறது. உங்கள் பம்பில் பேட்டரியே கிடையாது. எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போதெல்லாம் மின்சாரம் அங்கேயே பிறக்கிறது. ஆகவே இந்த சுவிட்ச் வேலை செய்வது நேர்மாறாக: அணைத்ததும் காயிலிலிருந்து வரும் மெல்லிய வயரை எஞ்சின் பாடியோடு சேர்த்து எர்த் ஆக்குகிறது. காயிலுக்குள் இருக்கும் முதல் கம்பிச் சுருளான பிரைமரி சுருள் ஷார்ட் ஆனதும் பிளக்கில் பொறி வராது. அந்த வயர் அறுந்தாலோ, பாடியில் முடுக்கிய இடம் துருப்பிடித்தாலோ எர்த் கிடைக்காது, எஞ்சினும் நிற்காது.

எனவே முதலில் துருவைச் சுரண்டி, எர்த் போல்ட்டை நன்றாக முடுக்குங்கள். பிறகு மெல்லிய வயரைக் காயில் பக்கம் கழற்றி, அதன் முனைக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சுவிட்ச் ஆஃபில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்; ஆனில் இணைப்பே காட்டக் கூடாது. கழற்றாமல் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் பிரைமரி சுருளின் மறுமுனை பாடியில்தான் இருக்கிறது. அதன் மின்தடையும் மிகக் குறைவு. மீட்டர் எப்படியும் இணைப்பு இருப்பதாகவே சொல்லும்.

சரிசெய்யும் வரை எஞ்சினை நிறுத்த வழி இது: வேகத்தைக் குறைத்துச் சற்று நேரம் மெதுவாக ஓட விடுங்கள், பிறகு பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் தானாக நின்றுவிடும். அவசரமென்றால் கார்புரேட்டருக்குப் போகும் காற்றை அடைக்கும் சோக்கை முழுதாக மூடுங்கள், காற்றில்லாமல் அடங்கிவிடும். டேப் இல்லாத புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் சோக்தான் கைகொடுக்கும்.

கேப்பைப் பிடுங்கும்போது அந்த வயரில் 10,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. ஈரக் காலோடு வாய்க்காலில் நிற்பவர் அதைத் தொடலாமா? பாயப் பிளக் இல்லாததால் அந்த அழுத்தம் மேலும் ஏறி, காயிலின் உள் காப்பையே துளைத்துவிடும். நல்ல காயில் இப்படித்தான் வீணாகிறது. பக்கத்தில் பெட்ரோல் கசிந்திருந்தால் அந்தப் பொறியே தீ வைத்துவிடும்.

இதே வயர் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். பாடியில் உரசி அதன் உறை தேய்ந்தால் எப்போதும் எர்த் ஆகி, பொறியே வராது. கடைக்காரர் புதுக் காயிலை எடுத்து நீட்டுவார். வாங்குமுன் அந்த வயரைக் கழற்றிவிட்டுப் பொறியைச் சோதித்துப் பாருங்கள். வந்தால் கோளாறு வயரிலோ சுவிட்சிலோதான். ஆயில் சென்சார் உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் ஆயில் குறைந்தாலும் சென்சார் அதே வயரை எர்த் செய்து எஞ்சினை நிறுத்தும். ஆகவே முதலில் ஆயிலைப் பாருங்கள்.

காயில் வேலை செய்கிறதா என்று பார்க்க 12 வோல்ட் பேட்டரியை அந்த மெல்லிய வயரில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இப்போதைய காயில்களுக்குள் மின்னணுச் சுற்று இருக்கிறது. ஒரே தொடுதலில் அது கருகிவிடலாம். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் சிக்கிய குப்பையை எடுக்கும்போது மட்டும் கேப்பைக் கழற்றியே ஆக வேண்டும், அதுவும் எஞ்சின் முழுதாக நின்ற பிறகு. உங்கள் பம்பில் இம்பெல்லரும் ஃப்ளைவீலும் ஒரே தண்டில் சுழல்பவை. எர்த் கிடைக்காத எஞ்சினில், கையால் ஒரு வெட்டு வெட்டித் திருப்பினாலே பொறி விழக்கூடும். கழற்றிய கேப் பிளக்கின் பக்கம் திரும்பி வராதபடி ஒதுக்கிக் கட்டிவிட்டுப் பிறகு கையை உள்ளே விடுங்கள்.