வீடியோ கேமில் ரசித்ததை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டி ஆடும் கேம். நடத்துபவர் நீங்கள் என்றால், வீடியோ கேமின் கதையையும் பாத்திரங்களையும் தொடாதீர்கள். அதே கேமை ஆடியவர் மேசையில் ஒருவர் இருந்தாலும் அரை மணியில் பிடித்துவிடுவார். எடுக்க வேண்டியது அந்த கேம் ஓடும் விதத்தை.

2000-இல் நின்டெண்டோ 64-க்கு வந்த 'மஜோராஸ் மாஸ்க்' கேமைப் பாருங்கள். மூன்று நாளில் நிலா ஊர்மேல் விழும். அதற்குள் காலத்தைத் திருப்பி முதல் நாள் காலைக்கே போய்விடலாம். கையிலிருக்கும் காசு, அம்பு, வெடிகுண்டு எல்லாம் போய்விடும். முகமூடிகளும் கற்ற பாட்டுகளும் தங்கும். நாம் தலையிடாதவரை, ஊர்க்காரர்கள் ஒவ்வொரு சுற்றிலும் அதே நேரத்தில் அதே இடத்தில் இருப்பார்கள். இதைத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு தாளில் மூன்று பகல், மூன்று இரவு என 6 நெடுவரிசைகள் போடுங்கள். இடப்பக்கம் ஊர்க்காரர்கள் 6 பேர் போதும். யாரும் குறுக்கிடாவிட்டால் அவர் அந்த நேரத்தில் என்ன செய்வார் என்று கட்டத்துக்கு ஒரே வரி: 'கொல்லர், இரண்டாம் இரவு, கிணற்றடியில் பொட்டலம் புதைக்கிறார்.' 'மூன்றாம் பகல், காவலர்களிடம் சிக்குகிறார்.' ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதவே வேண்டாம்.

இது சொதப்புவது இரண்டாம் சுற்றில்தான். கேமில் கேட்ட வசனத்தைப் பட்டன் அழுத்தித் தாண்டிவிடலாம். மேசையில் அதையே மறுபடி நடித்தால் பத்து நிமிடம் போகும், மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். அதனால் ஒருமுறை ஜெயித்த காரியத்துக்கு மறுபடி டைஸ் கிடையாது. 'போன தடவை மாதிரியே' என்றால் நடந்ததாக வைத்து நகருங்கள். முதல் சுற்றுக்கு ஒரு முழு செஷன் கொடுத்தால் அடுத்ததற்குப் பாதி போதும். எப்படியும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தெரிந்ததும் சிலர் ஊரையே கொளுத்தப் பார்ப்பார்கள். அதற்கு, சுற்றுக்கு ஒரு ஊர்க்காரர் திரும்பி வராமலே போகட்டும். அவர்களுக்கு மிகவும் பிடித்தவரையே முதலில் எடுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றையும் யோசித்துத்தான் செலவழிப்பார்கள். லெவலை மைல்ஸ்டோன் முறையில், அதாவது கதையில் ஒரு முக்கியக் கட்டத்தைத் தாண்டும்போது மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் அதே அரக்கனைச் சுற்றுக்கொரு முறை கொன்று பாயிண்ட் சேர்ப்பார்கள்.

பாஸ் எனும் பெரிய எதிரியோடு போடும் சண்டை வேறு கதை. 'டார்க் சோல்ஸ்' மாதிரி கேம்களில் செத்துச் செத்துத்தான் எதிரியின் அசைவைக் கற்கிறோம். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரத்தை வைத்து அப்படிக் கற்க முடியாது. ஆகவே அடி விழும் முன்பே அறிகுறி தெரிய வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் டிராகனின் நெருப்பு மூச்சு திரும்பக் கிடைக்கிறதா என்று அதன் முறையின் தொடக்கத்தில் டி6 (ஆறு பக்க டைஸ்) உருட்டுகிறோம். 5 அல்லது 6 வந்தால் உடனே ஊதலாம். அந்த உருட்டலை முந்தைய முறையின் முடிவுக்கு மாற்றுங்கள். 5 அல்லது 6 விழுந்துவிட்டால், 'தொண்டைச் செதில்களுக்கு இடையே சிவப்பு ஏறுகிறது' என்று சொல்லிவிடுங்கள். சிதறி ஓடவும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கவும் அவர்களுக்கு ஒரு முழு ரவுண்ட் கிடைக்கும். முதல் மூச்சையும் முதல் ரவுண்டிலேயே விடாமல் இப்படியே காட்டுங்கள். டேமேஜைக் குறைக்கத் தேவையில்லை.

விரல் வேகத்தை நம்பிய தாவல், குதித்தல் புதிர்களை மட்டும் எடுக்க வேண்டாம். மேசையில் அவை வெறும் டி20 (இருபது பக்க டைஸ்) உருட்டல்தான்.