பிக்கப்பின் ஃப்யூவல் பம்ப் ரிலே ஏன் இப்படிச் சுடுகிறது?

உங்கள் கேள்வி: பழைய பெட்ரோல் பிக்கப், இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கான ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) கை வைக்க முடியாதபடி சுடுகிறது, அரை மணி நேரம் ஓடியதும் இன்ஜின் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஏற்கெனவே இரண்டு ரிலே மாற்றிவிட்டீர்கள், ஃப்யூஸ் ஒரு முறைகூடப் போகவில்லை. மூன்றாவதாக ஒரு ரிலே வாங்கலாமா என்கிறீர்கள்.

வாங்காதீர்கள். இதே தொல்லையை நான் இரண்டு மாதம் பட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் பிக்கப் என்றால் பெரும்பாலும் டீசல்தான். எங்களிடம் இருப்பது அப்பா வாங்கிய பெட்ரோல் வண்டி, 10 வயதைத் தாண்டியது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக்குப் போகும். அதில் தேர்ச்சி பெற்ற இரண்டாவது வாரத்தில்தான் இது தொடங்கியது. விடிகாலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் கீரையும் வாழையிலையும் ஏற்றித் தேக்காவுக்குப் போகும்போது ஒன்றும் ஆகாது. பதினொரு மணிக்கு மேல் ஜூரோங் பக்கம் இரண்டாவது நடை போகும்போது, ஆயர் ராஜா விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்தால் நின்றுவிடும். மீட்பு வண்டி கட்டணம் வாங்காமல் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டது. ஆனால் பின்னால் இருந்த கீரை அந்த வெயிலில் வாடிப்போனது.

நானும் உங்களைப் போலவே இரண்டு ரிலே மாற்றினேன். மூன்றாவதுக்குப் போவதற்கு முன்னால், காக்கி புக்கிட்டில் வண்டி ஒயரிங் வேலை செய்யும் ஒரு மாமாவிடம் காட்டினேன். பழைய ரிலேயைத் திருப்பி அதன் கால்களைப் பார்த்தார். "தம்பி, நாலு காலுல ஒண்ணு மட்டும் கருத்திருக்கு பாருங்க. ரிலே நல்லாத்தான் இருக்கு. அது உக்காந்திருக்கிற இடம்தான் சரியில்ல" என்றார்.

நீங்களும் முதலில் அதைப் பாருங்கள். சாதாரண நாலு கால் ரிலேயில் 85, 86 என்று எழுதியிருப்பவை உள்ளே இருக்கும் காயிலுக்கு, அதாவது சுவிட்சை இழுத்து மூடும் செம்புக் கம்பிச் சுருளுக்கு. 30-இல் பேட்டரி மின்சாரம் வரும், 87 வழியாகப் பம்புக்குப் போகும். காயில் எப்போதும் கொஞ்சம் சுடும். அது சுமார் 2 வாட் எடுக்கும், அதனால் ரிலேயின் மேல்பக்கம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. 30 அல்லது 87-இன் கால் நிறம் மாறி, சாக்கெட்டின் பிளாஸ்டிக்கும் அந்த இடத்தில் பழுப்பாகியிருந்தால், சூடு பிறப்பது அங்கேதான்.

அடுத்து மல்டிமீட்டர். சிம் லிம் டவரில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, சாக்கெட்டின் பின்பக்கமாக 30-க்கு வரும் ஒயரில் ஒரு முனை, 87-இல் இருந்து போகும் ஒயரில் மறுமுனை. டிசி வோல்ட்டில் படியுங்கள். 0.1 வோல்ட் அல்லது அதற்குக் கீழே வந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். எனக்கு 0.9 வந்தது. பம்ப் அப்போது 8 ஆம்ப் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 7 வாட்டுக்கு மேல். அவ்வளவு சூடும் ஒரு தகட்டு முனையில் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் உருகத்தானே செய்யும்? ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்பதற்கும் இதுதான் பதில். ஃப்யூஸ் பார்ப்பது மின்னோட்டத்தை மட்டும். தளர்ந்த பிடிப்பால் மின்னோட்டம் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது.

அந்த 0.9 ரிலேக்குள் விழுகிறதா, சாக்கெட்டில் விழுகிறதா என்று பிரிக்க வேண்டும். ரிலேயை ஒரு மில்லிமீட்டர் மட்டும் மேலே தூக்கினால் காலின் தகடு தெரியும். அதில் ஒரு முனை, அதே காலின் ஒயரில் மறுமுனை. பக்கத்துக் காலில் முனை பட்டுவிடாமல் கவனமாக வையுங்கள். எனக்கு 0.7 அங்கேயே கிடைத்துவிட்டது. தனியாக ஒரு தகட்டை அந்தத் துளையில் செருகிப் பார்த்தால் பிடிப்பே இல்லாமல் ஆடியது. புது ரிலே வாங்கி வாங்கி அதே துளையில்தான் வேக வைத்திருக்கிறேன்.

ஆறினால் ஓடுவது ஏன் என்றால், செம்பு சூடானால் அதன் தடை கூடும். 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய கால்வாசி கூடிவிடும். காயிலில் ஓடும் மின்னோட்டம் குறைந்து, அதன் இழுப்பு தளரும். சாக்கெட்டின் சூட்டில் ஏற்கெனவே பொரிந்துபோன, ரிலேக்குள் இருக்கும் தொடுமுனை அப்போது கைவிட்டுவிடும்.

குறடால் சாக்கெட்டுக்குள் காலைப் பிடிக்கும் அந்த டெர்மினலை நெருக்கிவிட்டால் சரியாகும் என்று தோன்றும். நானும் செய்தேன், மூன்று வாரம் தாங்கியது. வெந்த தகட்டில் ஸ்பிரிங் தன்மை மிஞ்சியிருப்பதில்லை. ஒயரோடு வரும் புது சாக்கெட் வாங்கி, பழைய ஒயரைச் செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரைக்கும் வெட்டி, சரியான கருவியால் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது இணைப்பை அழுத்தி இறுக்குங்கள்.

அப்புறம், தயவுசெய்து இதோடு நிறுத்திவிடாதீர்கள். பிடிப்பு ஏன் வெந்தது என்று பார்க்க வேண்டும். ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் கிளாம்ப் மீட்டர், டிசி அளப்பதாக ஒன்றை இரவல் வாங்கிப் பம்ப் ஒயரில் மாட்டிப் பாருங்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்குகிற பல கிளாம்புகள் ஏசியை மட்டுமே காட்டும். சின்ன இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் 4 முதல் 7 ஆம்ப் வரை இருக்கலாம். எங்கள் வண்டியின் 8 அதிகம். பெட்ரோல் ஃபில்டர் அடைத்துக்கொண்டு பம்ப் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மாற்றியதும் 6-க்குக் கீழே வந்துவிட்டது. ஃபில்டர் மாற்றியும் குறையாவிட்டால் பம்பே தேய்ந்திருக்கலாம். ஃபில்டரைக் கழற்றும் முன் ரிலேயை உருவிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள், குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். கையருகே தீயணைப்பான் இருக்கட்டும்.

இரண்டு வேலைகளை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஒன்று, பெரிய ஃப்யூஸ் போடுவது. இன்னொன்று, 30-ஐயும் 87-ஐயும் ஒயரால் நிரந்தரமாக இணைத்து ரிலேயையே ஒதுக்கிவிடுவது. ஒரு பட்டறையில் எனக்கு இதைத்தான் செய்யச் சொன்னார்கள். விபத்தில் இன்ஜின் நின்றால் வண்டியின் கம்ப்யூட்டர் பம்பையும் நிறுத்தும், அதை அந்த ரிலே வழியாகத்தான் செய்யும். ஒயரால் இணைத்துவிட்டால், குழாய் உடைந்திருந்தாலும் பம்ப் பெட்ரோலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வண்டியில் பாதி நாள் என் அப்பா உட்கார்ந்து போகிறார். என்னால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் நாற்பது நிமிடம் மதிய வெயிலில் ஓட்டிவிட்டு ரிலேயைத் தொடுங்கள். விரலை எடுக்காமல் பத்து வினாடி வைக்க முடிய வேண்டும். எங்களுடையது ஒன்றரை வருடமாக அப்படித்தான் இருக்கிறது. உங்கள் வண்டியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் வருகிறது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.