சேற்றை அளந்துவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: ஏரிப் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். கோடை வந்தால் ஏரியைப் பாசி மூடிவிடுகிறது. பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் ஏரிக்குள் வருவதைக் கொஞ்சம் குறைத்தால் போதும் என்கிறது ஒரு தரப்பு. பெருமளவு குறைக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. சிலர் 3 வருடம் ஆய்வு செய்யலாம் என்கிறார்கள். உறுதியாகத் தெரியாமல் எப்படி முடிவெடுப்பது?

பதில்: 20 வருடங்களாக ஏரிகளில் மாதிரி எடுக்கிறேன். எல்லாம் உறுதியாகத் தெரிந்தபின் முடிவெடுத்த குழு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பெரும்பாலும் சிக்கல் அடிச்சேற்றில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரிக்குள் போன கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். சில வருடங்களில் தண்ணீர் தெளிந்தது. மினசோட்டாவின் ஷகாவா ஏரியில் 1973 முதல் கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸைப் பிரித்தெடுத்தார்கள். எதிர்பார்த்த வேகத்தில் அது தெளியவில்லை. சேற்றில் முன்பே தேங்கியிருந்த பாஸ்பரஸ் கோடையில் மேலே வந்துகொண்டிருந்தது.

உங்கள் ஏரி எந்த வகை? தெரியாது. சரி, அந்தத் தெரியாமையையே கணக்கில் எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

கொஞ்சம் குறைக்கச் செலவு 10, பெருமளவு குறைக்க 40. சேறு பாஸ்பரஸை விடாது என்றால் கொஞ்சமே போதும். விடும் என்றால் கொஞ்சம் குறைத்தது போதாமல் ஏரி கெட்டு 200 நட்டம். பெருமளவு குறைத்தால் அந்த நட்டம் வராது என்று வைத்துக்கொள்வோம். சேறு விடுவதற்கு 30 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், கொஞ்சம் குறைக்கும் வழிக்குச் சராசரிச் செலவு 10-உம் 60-உம் சேர்த்து 70. மற்றதற்கு 40தான். இத்தனைக்கும் 'கொஞ்சம் போதும்' என்பவர்கள் சொல்வது சரியாக இருக்க 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது! சேறு விடும் வாய்ப்பு 15 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அவர்கள் வழி மலிவு.

நட்டத்தை 200 என்று பெரிதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு குழு நீண்ட ஆய்வைத் தேர்ந்தெடுத்தது, நானும் ஆமோதித்தேன். இரண்டாவது கோடையில், தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினேன். முழங்கை ஆழத்திலேயே மறைந்துவிட்டது. வெளிச்சம் கிடைக்காமல் நீர்ச்செடிகள் அழிந்திருந்தன. வேர் பிடிப்பு போனதும் காற்றடித்தாலே சேறு கலங்குகிறது. அப்புறம், பாஸ்பரஸைக் கெடுவதற்கு முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்தால்கூடப் போதாது, அதற்கும் கீழே இறக்க வேண்டும். அந்த வருடம் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. சேற்றின் குணம் முன்பே தெரிந்துவிட்டால் மேலே சொன்ன கணக்கில் சராசரிச் செலவு 19. அதாவது 21 மிச்சம். அதற்குமேல் ஆய்வுக்குச் செலவழிப்பது வீண். எந்தப் பதில் வந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால் அந்த ஆய்வே தேவையில்லை.

சேற்றை அளக்க 3 வருடம் ஆகாது. அடியில் குழாயைச் செருகி உருவினால் மேல்பகுதி கருப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும். அதன்மேல் ஏரித் தண்ணீர் நிற்க, ஆக்சிஜன் புகாமல் மூடி, சில வாரம் இருட்டில் வைப்போம். ஆக்சிஜன் தீர்ந்ததும், இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் பிரிந்து தண்ணீரில் ஏறுகிறதா என்று பார்ப்போம். கோடைக்கு முன்பே சில இடங்களில் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில், விவாதம் தொடங்குமுன், சேறு விடுவதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் செலவுக் கணக்கில் வரும் எல்லைக்கு (என் உதாரணத்தில் 15 சதவீதம்) எல்லோருமே மேலே எழுதியிருந்தால், 20-ஆ 50-ஆ என்று சண்டை போட வேண்டியதில்லை. பெருமளவு குறைக்கும் வேலையைத் தொடங்கிவிடலாம்.